ஏழாம் எண் மேஜை

மட்டாஞ்சேரி
7 ஜனவரி 2026, புதன்

அன்புள்ள ஷம்சியாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக ஒரு முட்டையை உடைத்தேன். பல் தேய்ப்பதற்கும் முன்னால். ஷங்கர் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். நாற்பத்தாறு வயதில் முதல் முட்டை. ஓடு பாதி பாத்திரத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஸ்பூனால் எடுக்கப் போனால் வழுக்கி வழுக்கி ஓடுகிறது. நீங்களெல்லாம் எப்படித்தான் ஒற்றைக் கையால் உடைக்கிறீர்களோ.

மஃபின் ஓவனில் இருக்கும்போதே ஷங்கர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வாசனை இது, பிரியா?"

"ஓவனைத் தேச்சேன். அதான்."

"ஓவனைத் தேச்சா ஆம்லெட் வாசனையா வரும்?"

"ஆம்லெட் வாசனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேப்பரை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பாய். போன ஞாயிறு உன் வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் அதிதி போன் செய்தாள். "ஷம்சி மாமியோட மஃபின் பஞ்சு மாதிரி இருக்கும்மா. உன்னோடது கொஞ்சம் கனம்" என்றாள். இருபத்து மூன்று வருஷம் என் கையால் தின்றவள். சீஸும் சோளமும் பச்சைமிளகாயும் போட்ட மஃபினை உனக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முட்டைதான் வித்தியாசம் என்று நினைத்தேன். அதையும் பார்த்துவிடலாமே.

இன்னொன்று. போன புதன்கிழமை உன் வீட்டுக்காரர் மொய்துக்கா பஜார் ரோட்டில் கடைச் சரக்கு வாங்கிவிட்டு, வழக்கம்போல உன் டப்பாவைக் கொடுக்க வந்தார். உங்கள் ஃபிளாட்டில் குடியரசு தினத்துக்குப் போடும் சந்தையில் இந்தத் தடவை நீயும் அதிதியும் சேர்ந்து மேஜை போடுகிறீர்கள் என்று சொன்னார். "பிள்ளை நல்ல சுறுசுறுப்பு" என்று வேறு. எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார், பாவம். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டினேன்.

நீ காக்கநாட்டுக்குக் குடிபோன பிறகு இரண்டு வருஷமும் அந்த மேஜையில் உன்னோடு நின்றவள் நான். நம் இரண்டு பேர் பெயரும் எழுதிய அட்டை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சந்தோஷம்தான், பெண் கற்றுக்கொள்ளட்டும். வெளியாட்களுக்கும் மேஜை உண்டு என்பதால் நானும் தனியாக ஒன்று கேட்டு எழுதிப் போட்டேன். ஏழாம் எண். உன்னுடையது ஆறாமே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். வாட்ஸ்ஆப்பில் போட்டால் உன் போனை எடுத்து அவளே படிப்பாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது என்பதில் இத்தனை நாள் வருத்தப்பட்டேன். இப்போது அதுவும் ஒரு சௌகரியம்.

மொய்துக்கா சாயங்காலம் வந்து டப்பாவை எடுத்துப் போவார். முட்டை போட்டது ஆறு வைத்திருக்கிறேன். எப்படி என்று சொல்.

உன்,
பிரியா


காக்கநாடு
13 ஜனவரி 2026

என் பிரியாவுக்கு,

நீயும் ஷங்கரும் சுகமாக இருக்க வேண்டும். மஃபின் வந்தது. ஒன்றை இவர் சுவரில் எறிந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சிரிக்கவைக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் முட்டை விஷயம். அதிதி சாப்பிடுவதில் நான் முட்டை போடுவதே இல்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி தயிரும் சோடாவும்தான். அவளுக்கென்று தனித் தட்டு, தனி அச்சு. இரண்டு விதமாகச் செய்ய முடியாமல் இப்போது எங்களுக்கும் அதையேதான் செய்கிறேன். "இது நம்ம வீடா, ஐயர் மடமா? ஒரு முட்டைக்கு வழியில்லையே" என்று இவர் தினமும் புலம்புகிறார். வெளியே உன் மகள் முட்டை தின்கிறாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். என் கையால் கொடுத்ததில்லை.

அப்படியென்றால் அவள் புகழ்ந்தது உன் மஃபினைத்தான். நான் ஒன்றே ஒன்றுதான் மாற்றினேன். நீ மாவைக் கலக்கிக்கொண்டே இருப்பாய். ஒரு கட்டி தெரிந்தாலும் உனக்குப் பொறுக்காது. மஃபின் மாவில் கட்டி இருக்கலாம், பிரியா. மாவு நனைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

மேஜை விஷயம். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. அவளையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

என் பக்கமும் ஒரு மனத்தாங்கல் உண்டு, எழுதிவிடுகிறேன். இங்கே வந்த இரண்டு வருஷத்தில், சந்தைக்கு வந்த நாட்களைத் தள்ளினால், நீ என் வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் உள்ளே நுழைந்ததும் கேட்டது "அதிதி வந்தாளா?" என்றுதான். மட்டாஞ்சேரியில் இருந்தபோது காலைச் சாயாவை என் அடுக்களையில்தான் குடிப்பாய். இப்போது வாட்டர் மெட்ரோ படகு உன் வாசல்வரை வந்துவிட்டது. நீதான் வரவில்லை.

டப்பாவைக் காலியாக அனுப்பக்கூடாது என்று நீதான் பழக்கிவிட்டாய். மிளகுக் காரா பிஸ்கட் வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
ஷம்சியா


மட்டாஞ்சேரி
14 ஜனவரி 2026

ஷம்சியா,

கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. ஆனாலும் நான் முட்டையை விடுவதாக இல்லை.

இது மூன்றாம் முறை. முதல் தடவை உன் வீட்டுக்காரர் சுவரைத் தேடினார். இரண்டாம் தடவை செய்ததை இங்கே யாருக்குக் கொடுப்பது? சொல்லாமல் கொடுப்பது பாவம், சொன்னால் யாரும் தொடமாட்டார்கள். முட்டை சாப்பிடுகிற எதிர்வீட்டு ஒச்சப்பனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடித்துவிட்டு, "மாமீ, இது மஃபினோ, உப்புமாவோ?" என்றார். நேற்று செய்ததில் நான்கு தின்றார், மனைவிக்கு இரண்டு எடுத்துக்கொண்டார், நடுத்தெருவில் நின்று "மாமி முட்ட தொட்டல்லோ!" என்று ஊருக்கே அறிவித்தார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கற்பகம் நிமிர்ந்து பார்த்து, "காலம் மாறிடுத்து போலருக்கே, பிரியா" என்றாள். மாறித்தான் போயிற்று. நாளைக்குச் சங்கராந்தி, இந்த வருஷம் என் வீட்டுப் பொங்கல் யார் வீட்டுக்கும் போகாது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எதற்கு? என் பெண்ணுக்கு என் கை கனமாகிவிட்டது என்பதற்காக.

ஆபீஸிலிருந்து அவள் என்னோடு போனில் பேசுவது மூன்றே வாக்கியம். "சாப்டேன். மீட்டிங். வெக்கறேன்." உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேசுகிறாள் என்று மொய்துக்கா சொல்கிறார். "ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் லிஃப்ட்வரை கேக்கும்" என்கிறார். அப்படி என்ன சிரிப்பு? என்னைப் பற்றியா? "காரணம் இருக்கிறது, கேட்காதே" என்று எழுதுகிறாயே, என் பெண்ணைப் பற்றிய காரணம் உனக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் எப்படி இருக்க முடியும்? அவளைப் பெற்றவள் நான். உனக்குப் பெண் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தை என் பெண்ணைக் கொண்டு நிரப்பிக்கொள்ள முடியாது.

அவள் உன்னிடம் என்ன சொன்னாள்? எழுது. எழுதாவிட்டால் இருபத்தாறாம் தேதி ஏழாம் மேஜையில் நிற்கும்போது அவளையே கேட்கிறேன், எல்லார் முன்னாலும்.

பிரியா


காக்கநாடு
21 ஜனவரி 2026

பிரியா,

"உனக்குப் பெண் இல்லை" என்று எழுதியிருந்தாய். அதுவரை படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாவு பிசையப் போனேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். எனக்குப் பெண் இல்லைதான். ஷார்ஜாவில் ஒரு மகன் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்று அனுப்புவான். அதைப் பார்த்து சஜ்ஜாத் சுகமாக இருக்கிறான் என்று நான் புரிந்துகொள்ள வேண்டும். அவன் மனசில் இருப்பதை அங்கே எந்தப் பெண்பிள்ளையிடம் சொல்கிறானோ. யாரிடமாவது சொன்னால் போதும் என்று துஆ செய்கிறேன். அந்தப் பெண்பிள்ளையின் விலாசம் கேட்டதில்லை.

அதிதி சொன்னதை நான் எழுத மாட்டேன். நீ பத்துக் கடிதம் போட்டாலும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், உன்னை வைத்து நாங்கள் சிரித்தது கிடையாது. உன் பேச்சு வந்தால் அவளுக்குக் கண்தான் கலங்கும்.

எல்லார் முன்னாலும் கேட்பதென்றால் கேள். அதற்கப்புறம் அவள் உன் வீட்டுக்கும் வரமாட்டாள், என் வீட்டுக்கும் வரமாட்டாள். உன் முகத்தில் நானும் விழிக்க மாட்டேன்.

இவர் கீழே ஹாரன் அடிக்கிறார். டப்பாவில் என்ன இருக்கிறதென்று நான்கூடப் பார்க்கவில்லை.

ஷம்சியா


மட்டாஞ்சேரி
21 ஜனவரி 2026, புதன் சாயங்காலம்

என் ஷம்சியாவுக்கு,

மொய்துக்கா ஹாலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது சாயா. மூன்றாவதும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த வரியை எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. கோபத்தில் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். உனக்கு வலிக்க வேண்டும் என்று தேடித்தான் எழுதினேன்.

மத்தியானம் உன் கடிதத்தைப் படித்தபோதும் கோபம்தான். பிஸ்கட்டைத் தொடக்கூடாது என்று இருந்தேன். அப்புறம் ஒன்றை எடுத்துக் கடித்தேன். நமுத்திருந்தது. நீ அனுப்பி ஒரு பிஸ்கட் நமுத்து வந்ததில்லை. விசிறிக்குக் கீழே ஆறவைத்து, தொட்டுப் பார்த்து, அப்புறமும் ஒரு நாழி விட்டுத்தான் மூடுவாய். இதைச் சூட்டோடு அள்ளிப் போட்டு யாரோ மூடியிருக்கிறார்கள். மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோர்க்கால் குத்திய துளைகள் நேர்வரிசையில் இல்லை, சரிந்து மேலே ஏறுகின்றன. இடது கைக்காரி குத்தினால் அப்படித்தான் வரும். ஐந்து வயதில் ஸ்டூல் போட்டு நின்று குத்த ஆரம்பித்தவள், இன்றுவரை அவளுக்கு நேராக வராது.

இன்றைக்குப் புதன்கிழமை. வேலைக்குப் போகிற பெண் புதன்கிழமை காலையில் உன் அடுக்களையில் நின்று பிஸ்கட் சுட மாட்டாள்.

முதலில் போனை எடுத்தேன். அவள் பெயர்வரை போனேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு, இந்த இரண்டு மாதமாக அவள் "மீட்டிங்" என்று சொன்ன நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை பின்னால் ஓவனின் மணி அடித்தது எனக்கே கேட்டது. மைக்ரோவேவ் ஆபீஸிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேலை கிடைத்த அன்று இந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் மைசூர்பாகு கொடுத்தவள் நான். கற்பகத்தின் மருமகள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று அதிதி காதுபடவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு வேலை போய்விட்டது என்ற செய்தியோடு எந்தப் பெண் வருவாள்?

நான் ஊகித்தது சரியா தப்பா என்று நீ எழுத வேண்டாம். இனி அதைப் பற்றி உன்னைக் கேட்கவே மாட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் யார்மேல் என்பதில்தான் தப்புச் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது. நீ என் பெண்ணை எடுத்துக்கொண்டாய் என்று இந்த மாதம் முழுக்க உன்மேல் எரிந்தேன். இன்று அந்த நமுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே எனக்கு அதிதிமேல் எரிச்சல் வந்தது. மனசு சரியில்லாத ஒரு புதன்கிழமையில் அவளுக்கு உன் அடுக்களைக்குப் போக முடிகிறது. மாவைக் கையில் கொடுத்து, எதுவும் கேட்காமல் பக்கத்தில் நிற்க நீ இருக்கிறாய். அந்த இடம் முன்பு என்னுடையது. நீ போன பிறகு எனக்கு அப்படி ஒரு வீடு இல்லை. ஷங்கர் நல்லவர், ஆனால் ஷங்கரிடம் சொல்ல முடியாதது என்று சிலது உண்டு. அவற்றையெல்லாம் இரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு வராதது அதனால்தான். வந்து உன்னை அந்தப் புது அடுக்களையில் பார்த்தால், நீ போனது உறுதியாகிவிடும் என்று இருந்தது. பெண்ணைப் பார்க்கிற சாக்கில்தான் எனக்கு வரத் தெரிந்தது.

சரி, அழுது எழுதினால் உனக்குப் பிடிக்காது.

மொய்துக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிவாக ஒன்று. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஷங்கருக்குத் தெரியாது. அதிதிக்கு முன்கூட்டித் தெரியவே கூடாது. ஏழாம் மேஜைக்காக மூன்று தட்டு வாங்கிவைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஷங்கரும் ஆபீஸில் லீவு போடாமலே லீவு கிடைத்த சந்தோஷத்தில் தட்டுத் தூக்க வருவதாக இருக்கிறார். நான் மேஜை போடவில்லை. உங்கள் செயலாளருக்கு நாளைக் காலையில் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

சந்தை நாளான திங்கட்கிழமை, காலை முதல் படகில் ஏறித் தனியாக வருவேன். உன் மேஜைக்கு முன்னால், மற்றவர்களோடு வரிசையில் நிற்பேன். நீ என்னைப் பார்த்துக் கையசைக்காதே. என் முறை வரும்போது அதிதியே என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கட்டும். இரண்டு மஃபின் என்பேன். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

உன்,
பிரியா