பதினெட்டாம் நம்பர் சொன்ன ‘ஆமாங்க’

3-11-1970, செவ்வாய்

மழை விடவில்லை. ஸ்பெஷல் வார்டின் ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. அங்கிருந்த ஒரே நோயாளியை ஆண்கள் பொது வார்டுக்கு மாற்றினோம். காயாரோகணம் பிள்ளை, இந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரிய மிராசுதார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். கட்டில் எதுவும் காலி இல்லை. சுவரோரம் பாய் விரித்து, அதற்கு நேர் மேலே சுவரில் சாக்குக்கட்டியால் 18 என்று எழுதியாயிற்று.

எங்கள் வழக்கம் அது. கட்டிலோ பாயோ, நம்பர்தான் ஆள். “ஆறு ஊசி போட்டுக்கிட்டாச்சா? பன்னிரண்டு கஞ்சி குடிச்சாச்சா?” மருந்துத் தட்டில் கிண்ணங்களும் நம்பர் வரிசையில்தான் நிற்கும். வார்டு நிறைய ஆளும், ஒரு ஷிப்டுக்கு ஒரே நர்ஸும் இருக்கிற இடத்தில் பெயர்களுக்கு யாருக்கு நேரம்? என்னையே ‘மேட்ரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது வசதி.

ஆறாம் நம்பர் கட்டிலில் இராஜாங்கம் என்ற விவசாயக் கூலி. மண்டை உடைந்து வந்தவர். எங்கே உடைந்தது? இதே பிள்ளையின் வயலில். செங்கொடி நட்டு “உழுதவனுக்கே நிலம்” என்றபோது வரப்பில் நடந்த தள்ளுமுள்ளு. இருவரும் ஒரே கூரைக்குக் கீழே என்றதும் கலவரம் வருமென்று பயந்தேன். ஒன்றுமில்லை. பிள்ளை பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார், இராஜாங்கம் போர்வையால்.

இருவருக்கும் சேர்த்து முறைத்தவர் இராஜாங்கத்தின் மனைவி காத்தாயி. பதினைந்து ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்க முடியாது என்று சட்டம் வந்திருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன். “அட போங்கம்மா. அவங்க வீட்டு நாய்க்குட்டி பேருலயும் ஒரு வேலி நெலம் இருக்குது” என்றார், பிள்ளைக்குக் கேட்கும்படி.

4-11-1970

மழை. செருப்பில் காளான் பூத்திருக்கிறது. உச்சவரம்பு இல்லாத விளைச்சல்.

5-11-1970, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ரவுண்டு. மழை இருட்டு, கரண்டும் இல்லை. பதினெட்டாம் நம்பர் பாயில் இருந்தவரின் போர்வை தொப்பலாக நனைந்திருந்தது. இங்கேயும் ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தேன். இல்லை, வியர்வை. கழுத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அவர் விரல்கள் உதறின. தலையில் பெரிய கட்டு.

பிள்ளைக்கு ஏது தலையில் கட்டு?

அந்த நேரம் பார்த்து காத்தாயி தூக்குவாளியோடு உள்ளே வந்தார். ராத்திரியில் பெண்களை ஆண்கள் வார்டில் விடுவதில்லை. “என்னங்கம்மா இது, கள்ளு குடிச்சவராட்டம் உளர்றாரு? இவரு ஏன் தரையில கெடக்குறாரு?” திரும்பிப் பார்த்தேன். ஆறாம் நம்பர் கட்டிலில் காயாரோகணம் பிள்ளை, தலையணையில் சாய்ந்து சுகமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்!

இன்றுதான் இந்த வார்டுக்கு மாறி, காலை டூட்டிக்கு வந்திருந்த நர்ஸ் செவ்வந்தியைக் கூப்பிட்டேன். “பதினெட்டுக்கு என்ன போட்ட?”

“இன்சுலின், மேட்ரன்.”

சர்க்கரை வியாதியே இல்லாத ஆளுக்கு, வெறும் வயிற்றில். அப்புறம் நான் ஓடியது எனக்கே நினைவில்லை. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். டாக்டர் குஞ்சிதபாதம் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். செவ்வந்தி நாடியைப் பிடித்த கையை விடவே இல்லை. ஒருவழியாக இராஜாங்கம் கண்ணைத் திறந்து, பேச்சுத் தெளிந்ததும் கேட்டார்: “இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கெடைக்குங்களா?”

பிழைத்தார். பிழைத்தோம்.

நடந்தது இதுதான். ஈரத்தரையில் பிள்ளை முனகுவதைக் கேட்டு, விடிவதற்குள் இராஜாங்கமே எழுந்து கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பாய்க்குப் போயிருக்கிறார். “ஐயா தரையில கெடக்கறப்ப நான் கட்டில்ல எப்புடிங்க படுக்கறது?” பிள்ளையும் ஏனென்று கேட்கவில்லை, ஏறிப் படுத்துக்கொண்டார். இருட்டில், போர்வையால் தலையை மூடிக் கிடந்தவருக்கு, செவ்வந்தி சுவரிலிருந்த நம்பரைப் பார்த்து ஊசி போட்டுவிட்டாள்.

காத்தாயி தலையில் அடித்துக்கொண்டார். “பகல்ல அவரு வயல்ல கொடி நடுவாராம். ராத்திரில அவருக்குக் கட்டில் குடுப்பாராம்! இந்த மனுசன வெச்சுக்கிட்டு நான் எப்புடி நெலம் வாங்குறது?”

6-11-1970, வெள்ளி

டாக்டர் விசாரித்தார். நானும் இருந்தேன்.

செவ்வந்தி ஒரு பண்ணையாள் வீட்டுப் பெண். அவள் ஊரில் முதல் நர்ஸ். தற்காலிக நியமனம், ஒரு கடிதம் போதும் வீட்டுக்கு அனுப்ப. அழவில்லை. “நம்பரை மட்டும் பார்க்கல சார். காயாரோகணம்தானேன்னு பேரையும் கேட்டேன். ஆமாங்கன்னாரு.”

“கதை விடாதே. மிராசுதார் யாரு, கூலியாள் யாருன்னு பார்த்தாலே தெரியாதா?”

“எப்படி சார் தெரியும்?”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மனிதர் கெட்டவரல்ல. நேரே இராஜாங்கத்திடம் போய், “இந்தப் பொண்ணு உன் பேரைக் கேக்கவே இல்லை, அப்படித்தானே?” என்றார்.

“ஆமாங்க.”

முடிந்தது. வேலையிலிருந்து நீக்கும்படி தஞ்சாவூருக்கு, மாவட்ட அதிகாரிக்கு, இன்றே எழுதப்போகிறார்.

நானும் அவளை நம்பவில்லை. தன் எதிரியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாராவது ஆமாம் என்பார்களா? ஆனால் அந்த ‘ஆமாங்க’ உறுத்துகிறது. டாக்டர் கேள்வியை முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

7-11-1970, சனி

இராஜாங்கத்தின் கட்டைப் பிரித்துக் காயத்தைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டேன். “நீங்க நீடாமங்கலம் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறவர்தானே?”

“ஆமாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திகைத்து, யோசித்து, பிறகு அவரும் சிரித்தார். “என்னம்மா கேட்டீங்க?”

“காதுல விழலையா?”

“விழுந்துச்சுங்க. ஆனா வெள்ள உடுப்புல இருக்கறவங்க கேட்டா ஆமாங்கன்னுடறதுங்க. இல்லன்னா ஏன்டா இல்லங்கறேன்னு அதுக்கு ஒரு அடி விழும். எங்கப்பாரு இல்லன்னு சொல்லித்தான் முதுகு பழுத்துச்சு.” பிறகு, “அந்தப் பொண்ணு கேட்டுச்சுங்க. என்னமோ பேரு சொல்லிக் கேட்டுச்சு” என்றார்.

“அப்ப டாக்டர்கிட்ட ஏன் கேக்கலைன்னு சொன்னீங்க?”

“அவரும் கேட்டாருல்லங்க.”

அடக் கடவுளே. (நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேறு என்ன சொல்வது?)

டாக்டரிடம் ஓடினேன். “ஒரு ஆமாங்கவை நம்பித்தானே எழுதினேன், இன்னொரு ஆமாங்கவை நம்பி மாத்தி எழுதச் சொல்றீங்களா?” என்றார். கடிதம் காலைத் தபாலிலேயே போய்விட்டதாம்.

8-11-1970, ஞாயிறு

ஒரு ஆள் சொன்னது ஆதாரமாகாது. என் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான குணம் சந்தேகம். இன்று வார்டு முழுக்க ஒவ்வொருவரையும் தப்பான பெயர் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் ‘ஆமாங்க’. பயந்து ஆமாங்க, தூக்கத்தில் ஆமாங்க, காது கேட்காமல் ஆமாங்க. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும், “அது என் பேரு இல்ல. ஆனா நீங்க ஆசப்பட்டா அப்படியே கூப்பிடுங்க” என்றார்.

சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் பெயர் கேட்ட லட்சணம் இதுதானா? கேட்கவே இல்லை. பெயரை நாமே சொல்லிவிட்டுத் தலையாட்டல் வாங்கியிருக்கிறோம்.

9-11-1970, திங்கள்

டாக்டரைக் கையோடு வார்டுக்கு அழைத்துப் போனேன். “கூலி ஜனங்க பயத்துல சொல்றாங்க. படிச்சவங்ககிட்ட இது நடக்காது” என்றார்.

“நீங்களே பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க.”

பிள்ளை பேப்பரில் நெல் கொள்முதல் விலையில் மூழ்கியிருந்தார். டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “என்ன சிங்காரவேலு, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்றார்.

“ஆங், ஆங். நல்லாத் தூங்கினேன்.” பேப்பர் அசையவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒருவருக்கு மறுத்துச் சொல்ல பயம். இன்னொருவருக்குக் காது கொடுக்கவே அவசியம் இருந்ததில்லை. ஊசிக்கு இரண்டும் ஒன்றுதான்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் டாக்டர் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. காத்தாயி அங்கே கைகட்டி நின்றிருந்தார். “அய்யா, அந்த நர்சுப் பொண்ண அனுப்பப் போறீங்களாமே? தப்பு எங்க வீட்டு ஆளு மேல. அனுப்பினீங்கன்னா அடுத்த கொடி உங்க வாசல்லதான்.”

“என்கிட்ட ஒரு சென்ட் நிலம்கூட இல்லைம்மா!”

“கொடி நடறதுக்கு ஒரு சாண் போதுமுங்க.”

இரண்டாவது கடிதம் எழுத ஒப்புக்கொண்டார். காத்தாயிக்குப் பயந்தா, என் சோதனையை மதித்தா? தெரியவில்லை. இரண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் எந்தக் கடிதத்தைப் படிக்கும் என்பதுதான் கேள்வி.

12-11-1970, வியாழன்

புதிய முறை. சுவர் நம்பரை நம்பி மருந்து கிடையாது. நர்ஸ் பெயரைச் சொல்லவே கூடாது. “உங்க பேர் என்ன, எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பேச முடியாதவர்களுக்கு உடன் இருப்பவர் சொல்ல வேண்டும். பெயர் சீட்டோடு ஒத்துப்போன பிறகுதான் ஊசியோ மாத்திரையோ.

முதல் நாளே முட்டியது. இராஜாங்கம் அசந்து தூங்குகிறார், காத்தாயி பக்கத்தில். செவ்வந்தி கேட்டாள்: “இவர் பேர் என்னக்கா?”

காத்தாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் வரப்பில் நின்று கோஷம் போட்ட வாய். “அது எப்புடி, கட்டினவரு பேர நான் சொல்றது?”

“சொன்னாத்தான் மருந்து.”

“மருந்து வேணாம்னு சொல்லு.”

நான் தலையிட எழுந்தேன். அதற்குள் காத்தாயி இடது முன்கையைத் திருப்பி நீட்டினார். உள்பக்கம் பச்சை குத்தியிருந்தது, கோணல் எழுத்தில், இராஜாங்கம் என்று. செவ்வந்தி எழுத்துக்கூட்டிப் படித்து, சீட்டைப் பார்த்து, தலையசைத்தாள். அப்புறம் நோயாளியையும் எழுப்பி அவர் வாயாலும் ஒருமுறை சொல்ல வைத்தாள். எனக்கே தோன்றாதது.

பெண்கள் வார்டில் மாமியார் பெயர் கொண்ட மருமகள்கள் இருக்கிறார்கள். அங்கே என்ன ஆகப்போகிறதோ.

16-11-1970

தஞ்சாவூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. செவ்வந்தி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் மணி அடித்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள்.

19-11-1970, வியாழன்

பிள்ளை வீட்டுக்குப் போனார், காருக்குள் காலை நீட்டிக்கொண்டு. புறப்படும்போது செவ்வந்தியிடம், “தெனம் என் பேர என்கிட்டயே கேட்ட ஆளு நீ ஒருத்திதான்” என்றார். கோபமா பாராட்டா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. நிலத்தைப் பற்றி யாரும் யாரோடும் பேசவில்லை. அது கோர்ட்டில் இருக்கிறது. அங்கேயே நரைத்துவிடும் என்பது என் கணிப்பு.

24-11-1970, செவ்வாய்

வந்துவிட்டது. “எச்சரித்து விடப்படுகிறது. பணியில் தொடரலாம்.” செவ்வந்தி வாங்கிப் படித்துவிட்டு, “ரெண்டு மணி ஊசி இருக்கு மேட்ரன்” என்று போய்விட்டாள். மருந்து அறைக்குள் யாரோ மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை.

20-1-1971, புதன்

பொங்கல் கழிந்து நாலு நாளாக எனக்குக் காய்ச்சல். வீட்டில் கவனிக்க ஆளில்லை என்று டாக்டர் பெண்கள் வார்டிலேயே படுக்க வைத்துவிட்டார். படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, இந்தக் கூரையில் எத்தனை ஓட்டை என்று.

காலையில் செவ்வந்தி மாத்திரையோடு வந்தாள். கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

“உங்க பேரைச் சொல்லுங்க.”

“என்னைத் தெரியாதா உனக்கு?”

“தெரியும் மேட்ரன்.” கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்க் கட்டில்காரியும். இந்த ஆஸ்பத்திரியில் காகிதத்தில் மட்டுமே இருந்த ஒன்றை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“சௌந்தரநாயகி” என்றேன். “ஊர், தாராசுரம்.”

சீட்டைப் பார்த்தாள். கொடுத்தாள்.

“அழகான பேருல்ல!” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.