அம்மனுக்குக் கொடுக்காத கை

4.3.1993
கிளினிக்கில் குருநகர் நேர்ஸ் சிசிலியா, "மனசிலை கிடக்கிறதை எழுதுங்கோ அக்கா, பாரம் குறையும்" என்றாள். மகளின் பழைய கொப்பியில் தாள்கள் மிஞ்சியிருந்தன. எழுதினேன்: முருங்கை காய்த்திருக்கிறது. கறுப்புக் கோழி அடைக்கு இருக்கிறது. குளிக்க, உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் எங்கும் இல்லை.
பாரம் அப்படியே இருக்கிறது.

7.3.1993
இன்றும் கோழியைப் பற்றித்தான் எழுதினேன். புற்றுநோய் வந்தது எனக்கா, கோழிக்கா?

15.3.1993
வெட்டி எடுத்த இடத்தை நிரப்ப, தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது அது தோள்மூட்டுக்கு ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு இரத்தினம்மா, "என்னடி பிள்ளை, தோளிலை வீக்கம்?" என்றாள்.
"நுளம்பு கடிச்சது" என்றேன். அப்படியொரு நுளம்பு வந்தால் சண்டிலிப்பாய் ஊரே தாங்காது.
'இடம்', 'இடம்' என்றே எழுதுகிறேன், என்னவோ காணி விற்றவள் மாதிரி. அதன் பெயரை எழுத வெட்கம். யார் பார்க்கப் போகிறார்கள்? கோழியா?

2.4.1993
ஒப்பிரேசனுக்குப் பிறகு இவர் ஹோலில்தான் பாய் போட்டுப் படுக்கிறார். செல் குண்டு விழுந்த கதை, மாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கதைப்பார், இதைத் தவிர. நான் சட்டை மாற்றப் போனால் புகையிலைத் தோட்டத்துக்கு ஓடிவிடுவார்.
அருவருப்போ? அப்பிடித்தான் இருக்கும். எனக்கே கண்ணாடி பாக்க ஏலாமக் கிடக்கு, அந்தாளைக் குறை சொல்லி என்ன? ஆனா கேக்கலாம்தானே — எப்பிடி இருக்கெண்டு ஒருக்காலெண்டாலும் கேக்கலாம்தானே.

10.4.1993
அலுமாரியைத் துடைத்தபோது இவருடைய வேட்டிகளுக்கு அடியில் ஒரு வெள்ளிக் கை. கோயிலுக்கு நேர்த்தி கொடுக்கச் செய்விப்பார்களே, அது. இந்த வீட்டில் யாருக்குக் கை நோ?
கேட்டேன். களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.
"உமக்கு ஒப்பிரேசன் நடக்கேக்கை அம்மனுக்கு நேந்தனான்."
"கைக்கோ?"
"அதுக்குத்தான். நகை செய்யிற பத்தரிட்டைப் போனால் சொல்ல வாய் வரேல்லை. கை எண்டிட்டன். இதைக் குடுத்தால் அம்மனை ஏமாத்தினதாப் போகும். திருப்பி உமக்கு அந்த வருத்தம் வந்தால் என்னாலைதான்." கண் கலங்கிவிட்டது மனிசனுக்கு.
தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். இவ்வளவு நாளும் அருவருப்பு என்று நினைத்தேனே, விசரி! நல்ல சோடிதான் நாங்கள். இவருக்கு வாய் வரவில்லை, எனக்குப் பேனா வரவில்லை.

12.4.1993
மார்பு. மார்பு. மார்பு. பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதுவதுபோல் ஒரு பக்கம் நிரப்பினேன். வானம் இடிந்து விழவில்லை.

13.4.1993
கதிரவேலுப் பத்தரிடம் போனோம். இவர் வெளியே நின்று சைக்கிள் செயினை ஆராய்ந்தார். நான் உள்ளே போனேன்.
"வெள்ளியிலை ஒரு மார்பு வேணும், பத்தர். இடப்பக்கம்."
பத்தருக்கு வேர்த்துவிட்டது. தராசைப் பார்த்தபடியே, "செய்யலாம் பிள்ளை, செய்யலாம்" என்றார். எப்படியோ சொல்லிவிட்டேன்.
திரும்பும்போது கரியரில் இருந்தேன். றோட்டு முழுக்கக் குழி. கொஞ்சத் தூரம் வந்ததும், திரும்பிப் பார்க்காமலே இவர் கேட்டார்: "உமக்கு இப்பவும் நோகுதோ?"
"ஓம். குழியிலை விழேக்கை கூடுதலா நோகுது."
சைக்கிளை நிற்பாட்டி இறங்கினார். நானும் இறங்கப் போனேன், விடவில்லை. என்னைக் கரியரில் வைத்தே வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்.