மிமோசா தின்ற தொப்பி

வால்டோமிரோ,

குயாபாவுக்கு, அக்காவைப் பார்க்கப் போறேன். "புல்லு முழங்கால் உசரத்துக்குப் பச்சைப் பசேல்னு நிக்குது, மாட்டுக்குத் தாது உப்பு வேற எதுக்கு?"ன்னு நேத்து கத்தினியே. அதான் உன் மதியச் சாப்பாட்டுக்குச் சட்டி நிறையக் கீரை அவிச்சு வச்சிருக்கேன். உப்புப் போடலை. பச்சைப் பசேல்னு இருக்கு, உப்பு வேற எதுக்கு?

உன் தோல் தொப்பியைத் தேடாதே. நம்ம பசு மிமோசா தின்னுட்டா. தாது உப்புல இருக்கிற செம்பும் கோபால்ட்டும் புல்லுல கிடைக்கல. பாவம், உன் தொப்பியில தேடியிருக்கா.

உனக்குப் பிடிச்ச உப்புக்கண்டச் சோறு அலமாரியில, பூட்டி வச்சிருக்கேன். சாவி தாது உப்பு மூட்டைக்குள்ள, அடியில கிடக்கு. மூட்டையை முழுசா மாட்டுத் தொட்டியில கொட்டினாத்தான் கிடைக்கும்.

ஜாண்டீரா

பி.கு.: கொட்டின உடனே சாவியை எடுத்துடு. மிமோசா முந்திக்கிட்டா ராத்திரிக்கும் கீரைதான்.