அம்மன் சேலையை நான் ஏலம் எடுத்த கதை

லூனாஸ்

அன்புள்ள அழகம்மாவுக்கு, வீரசாமி தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சளி மட்டும்தான், பயப்படாதே. ஃபேக்டரி ஜாகா வேலையில், அதுதான் காவல் வேலையில், குறையில்லை.

நேற்று இங்கே கோயில் திருவிழா ஏலம். அம்மனுக்குச் சாத்திய சிவப்புச் சேலையை உனக்கு எடுக்கப் போனேன். ஏலம் விடும் காளிதாசனிடமும் அதைச் சொன்னேன். அவர் வாய் இருக்கிறதே, அப்பப்பா! ஓர் எலுமிச்சம்பழத்துக்கே, "கடைக்கார அண்ணன் நூறு சொல்லிட்டாரு, லோரி முதலாளி சும்மா இருக்காருலா, சம்சாரம் பார்க்குது!" என்று உசுப்பினார். 'ரெண்டு தரம்' என்று இழுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அதற்குள் இன்னொரு கை உயர்ந்துவிடும்.

சேலை வந்தது. என் பையில் இருந்த பணம் ஐம்பது வெள்ளிதான். துணிந்து கேட்டுவிட்டேன். லோரி முதலாளியின் கை மேலே போனது. எனக்கு உயிரே போயிற்று.

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம், ஜாகா வீரசாமி அண்ணனுக்கு!"

ஒரே மூச்சு! இந்தமுறை தண்ணீரே குடிக்கவில்லை.

"என்னலா இது? நான் கைய தூக்குறேன்ல!" என்றார் முதலாளி.

"ஆத்தா அவசரப்பட்டுட்டா முதலாளி. ஒங்களுக்கு மாலை இருக்கு, வாங்க!"

அவரே சிரித்துவிட்டார்.

சேலையைத் தபாலில் அனுப்பிவிட்டேன். கட்டிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுதிப் போடு. போனில் சொல்லாதே. போனை வைத்ததும் உன் பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதமென்றால் மறுபடியும் படிப்பேன்.

ஃபேக்டரி பஸ் வந்துவிட்டது, கேட்டைத் திறக்க வேண்டும்.

உன் வீரசாமி