அத்திம்பேரின் கிரீம் கலர் கார்

1995, மே 3, புதன்

வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நாளை முதல் கத்திரி வெயிலாம். அப்படியானால் இன்று அடித்தது என்ன, ஒத்திகையா?

காலை முழுதும் கிண்டி, காதர் பாய் ஷெட். காரின் முதுகில் துடுப்பு ஏற்றியாயிற்று. மெரினாவில் கொண்டுபோய் நிறுத்தினால் சுறாக்கள் கரையேறி வந்து வரன் கேட்கும். மூன்றாவது கோட் கறுப்பும் காய்ந்துவிட்டது. குனிந்தேன், ஐம்பத்தோரு வயது அழகன் ஒருவன் உள்ளிருந்து பார்த்தான். மீசையைச் சரிசெய்ய, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கதவில் முழங்கையை ஊன்றினேன். தோல் பொசுங்கிப்போயிற்று. தேங்காய் எண்ணெய்.

பாக்கி:
மஞ்சள் விளக்கு 2, பூனைக்கண் மாதிரி.
சிரிப்பு ஹாரன் (ரிச்சி தெரு ஆள் சனிக்கிழமை தருவதாகச் சொல்கிறான்).
சீட் உறை.
அத்திம்பேரிடம் சொல்வது.

கடைசி ஐட்டம் போன வாரப் பட்டியலிலும் இருந்தது. அதற்கு முந்தின வாரத்திலும்.

என்றாவது இந்த டயரி கோர்ட்டுக்குப் போகும். ஆகவே மாட்சிமை தங்கிய குற்றவாளி ரகுவின் வாக்குமூலம். கார் என்னுடையது அல்ல, அக்கா புருஷனுடையது. ஊருக்குக் கப்பலேறிய தேயிலைத் தோட்டத் துரை ஒருவனிடம் வாங்கியது. இரண்டே சீட். மடக்குக் கூரை. கிரீம் கலர். அந்தக் காலத்தில் அதன் மேல் விரல் பட்டால் அத்திம்பேர் கர்ச்சீப்போடு ஓடி வருவார். "கண்ணால பாரு ரகு, கையால பாக்காதே." பன்னிரண்டு வருஷமாக ஓடவில்லை. அத்திம்பேர் காலேஜில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிடையரானவர். மூன்று வருஷமாகப் பார்வை கிடையாது. கண் அழுத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒரு தீபாவளியோடு முழுசாகப் போயிற்று.

தை மாதம் கூப்பிட்டுச் சொன்னார். "அந்தக் காரைப் பழையபடி பண்ணிக் குடுடா. பழையபடின்னா பழையபடி. அதுல ஒரு தடவை பீச் வரைக்கும் போயிட்டு வந்தாப் போறும்."

ஆகட்டும் என்றேன்.

இனி குற்றம். ஞாயிறு காலை டிவியில் ஒரு தொடர். அதில் ஒரு கறுப்புக் கார். முதுகில் துடுப்பு, மஞ்சள் கண்கள், திருடன் பிடிபட்டதும் வாய்விட்டுச் சிரிக்கும். தெருப் பிள்ளைகளிடம் போன வருஷம் ஒரு வேகத்தில், அது என் கார்தான், டிவிக்காரர்களுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் மயிலாப்பூர் மாட வீதி நான்கிலும் எனக்குப் பெயர் புளுகு மாமா. காய்கறிக்காரம்மா உட்பட.

காதர் பாய் "இன்னா கலர் ஐயரே?" என்று கேட்டபோது என் வாய் "கறுப்பு" என்றது. வாய் என் ஆட்சிக்கு உட்பட்ட பிரதேசம் அல்ல. ஒரு கலர்தானே, அவருக்கா தெரியப்போகிறது என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலும் என்னுடையதுதான். எழுதி வைக்கிறேன்.

மே 4, வியாழன்

காலை எட்டு. கீழே இட்லி. (நான் மாடியில் வாசம். பிரம்மச்சாரி. சாப்பாடு அக்காவிடம்.)

தினமும் நடக்கும் விசாரணை. "இன்னிக்கு என்ன ஆச்சு?"

"கடைசி கோட் ஆச்சு அத்திம்பேர்."

"எப்படி இருக்கு?"

நான் ஆரம்பித்தேன். திரட்டுப்பால் கிளறி இறக்கும்போது ஓரத்தில் ஒரு நிறம் வருமே, அது. அதற்குள் ஒரு சொட்டுக் குங்குமப்பூ. சாயங்கால வெயில் பட்டால் கபாலி கோபுரமே பொறாமைப்பட்டுக் கொஞ்சம் சாயும். அவர் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். தெரியாத கண்ணை எதற்கு மூடிக்கொள்கிறார்?

"நீ சொல்றச்சே எனக்கு அப்படியே தெரியறதுடா."

நாலாவது இட்லியைத் தொடவில்லை. மூன்றோடு எழுந்தேன். அக்கா ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பொய் சொல்லிச் சொல்லி வளர்ந்த உடம்பு இது. இதுவரை ஒரு பொய்யும் இட்லிக் கணக்கைக் குறைத்ததில்லை.

மே 6, சனி

ஹாரன் வந்தாயிற்று. சிரிப்பு பிரமாதம். அழுத்தியதும் ஷெட் கூரையிலிருந்த காக்கைகள் ஆதம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தன.

பிறகு விபரீதம்.

பக்கத்து லேத் பட்டறைப் போனில் அத்திம்பேர். மனுஷனுக்கு இருப்பு கொள்ளவில்லை. கதவுப் பிடிக்குக் கீழே ஒரு கீறல் இருக்குமே, அதையும் பூசிவிட்டாயா என்று கேட்டார். அது அக்கா வளையல் பட்டுக் கல்யாணமான புதிதில் விழுந்ததாம். பூசியாச்சு என்றேன். "சரி, பரவாயில்லே. கிரீம் நன்னா வந்திருக்கோல்லியோ?" வெண்ணெய் மாதிரி என்றேன்.

திரும்பினால் காதர் பாய். கையில் உப்புத்தாள்.

"இன்னா ஐயரே, வெண்ணெய்ன்றே, கிரீம்ன்றே? வண்டி கருப்பால்ல கீது?"

மழுப்பினேன். விடவில்லை. கடைசியில் எல்லாம் சொன்னேன்.

"பெரியவருக்குக் கண்ணு தெரியாதா? நாலு மாசமா வந்துகினு கீறே, ஒரு தபா சொன்னியா?"

"சமயம் வரலை பாய்."

"அவுரே கருப்பு கேட்டாருன்னியே."

"சொன்னேன்."

"பூசுனது யாரு? நானு. அப்போ இந்தப் பொய்யில பாதி என்னுதுல்ல? என்னிய கேட்டியா அதுக்கு?"

டீக்கடைப் பக்கம் பார்த்தேன்.

"நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டா?"

நானே என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆடை படிந்து, ஒரு ஈ விழுந்து, அப்படியே இருந்தது.

மே 8, திங்கள்

சொல்லிவிடுவதென்று பேருரை தயாரித்துக்கொண்டு படி இறங்கினேன். பதினெட்டுப் படி. பதினேழாவது படியில் அவர் குரல்.

"லலிதா, அந்தக் கிரீம் சட்டையை இஸ்திரிக்குக் குடு. காருக்கு மேட்ச்சா இருக்கும்."

"உங்களுக்கு ஏன்னா இந்த வயசுல மேட்ச்சிங்?" அக்கா. சிரித்துக்கொண்டே.

பதினேழு படியும் திரும்ப ஏறினேன். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்.

கத்தரிக்காய் ரசவாங்கி செய்திருந்தாளாம்.

மே 11, வியாழன்

சாயங்காலம் அக்காவும் அத்திம்பேரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் காரை ஓட்டி வந்தேன். அடையாறு பாலத்தில் பஸ் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தது. கண்டக்டர் விசிலை விழுங்கியிருப்பான்.

தெருவில் திருவிழா.

"டேய்! புளுகு மாமா நெஜமாவே கொண்டாந்துட்டாருடா!"

"மாமா, சிரிக்க வைங்க மாமா!"

சிரிக்க வைத்தேன். பதினோரு தடவை. இதற்காகத்தானே எல்லாம். ஒரு சக்ரவர்த்தி திக்விஜயம் முடித்து வந்தால் இப்படித்தான் இருக்கும். உடனே அபயஹஸ்தம் காட்டி, யாரும் தாத்தா (அத்திம்பேர் அவர்களுக்குத் தாத்தா) காதில் விழக் கத்தக்கூடாது, கத்தினால் ஐஸ் கிடையாது என்றேன்.

"ஏன் மாமா? தாத்தாவுக்குத் தெரியாதா?"

ஒரு பொடிப் பெண். தலை சாய்த்துக் கேட்டது.

தார்ப்பாய் போட்டு மூடினேன். பிறகு சிரிப்பு ஹாரனின் வயரைப் பிடுங்கிப் பழைய ஹாரனை மாட்டினேன். பின்பக்கம் போகவிடாமல் கதவோரமாகவே அழைத்து வந்து உட்கார வைத்து, அப்படியே இறக்கிவிட்டால் துடுப்பு கையில் படாது. நாளை ஒன்பதே முக்காலுக்குப் பீச்சுக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். இதையெல்லாம் இரண்டு மணி நேரம் யோசித்தேன். உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

மே 12, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். மிகைப்படுத்தல் கிடையாது.

9.30. தார்ப்பாயை எடுத்துத் துடைத்து வாசலில் தயாராக நிறுத்தினேன். அக்கா உள்ளே, பூஜையில். வெளியே வரவில்லை.

அத்திம்பேருக்கு ஷேவிங் பண்ண வருகிறவர் வரவில்லை. ஷேவ் பண்ணிக்கொள்ளாமல் காரில் ஏறமாட்டாராம். ஷேவிங் ஆள் வந்தது பத்தேகால். முடிந்தபோது பத்து முப்பத்தைந்து.

"ராகு காலம் வந்துடுத்து. வெள்ளிக்கிழமை ராகு காலத்துல வண்டி எடுக்கறதாவது! பன்னண்டு அடிக்கட்டும்" என்றாள் அக்கா, உள்ளிருந்தே. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒன்றரை மணி ஒரு பொருட்டில்லை. நான் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். காரை மறுபடி தார்ப்பாயால் மூடவில்லை. தோன்றவே இல்லை.

12.05. அவர் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தேன். கிரீம் சட்டை, மடிப்புக் கலையாமல். பின்னால் அக்கா, சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழமும் குங்குமமும் தட்டில். வாசலுக்கு வந்தவள் காரைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். உதட்டில் விரல் வைத்து ஜாடை காட்டினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். கதவு மேல் உள்ளங்கை. வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"ரகு. எத்தனை நேரமா வெயில்ல நிக்கறது?"

"ரெண்டரை மணி."

"இதே வாசல். இதே கத்திரி. எத்தனையோ மத்தியானம் கர்ச்சீப்பால துடைச்சிருக்கேன். இப்படிச் சுட்டதில்லே."

அவர் முழங்கையை விட்டேன்.

"முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்திருக்கேன். என்ன கலர்டா?"

"கறுப்பு."

"அப்புறம்?"

சொன்னேன். துடுப்பு. மஞ்சள் விளக்கு. டிவி. பிள்ளைகள். ஹாரன். உவமை ஒன்றும் வரவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

"சிரிக்குமா? நெஜமாவா?"

"சிரிக்கும் அத்திம்பேர்."

"போடு."

"வேண்டாமே."

"போடுடா."

வயரை மாட்டி அழுத்தினேன். அது சிரித்தது. தெரு முழுக்கக் கேட்டது. அது சிரித்து முடிக்கும்வரை தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். ஒரு பாடத்தை முழுசாகக் கேட்பதுபோல.

"நன்னாச் சிரிக்கறது" என்றார்.

பிறகு சட்டைக்குள் கைவிட்டுப் பூணூலில் முடிந்திருந்ததை அவிழ்த்தார். காரின் இரண்டாவது சாவி. இத்தனை வருஷமும் அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. என் கையில் வைத்தார். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"இது என் கார் இல்லே. நீ வெச்சுக்கோ."

அக்கா அவரை உள்ளே அழைத்துப் போனாள். எலுமிச்சம்பழம் தட்டிலேயே.

மே 13, சனி

கீழே போகவில்லை. காபி மாடிப்படியில் வைக்கப்பட்டிருந்தது. டம்ளர் மேல் தட்டு மூடி. அக்கா கூப்பிடவில்லை.

கிரீம் சட்டை கொடியில் காய்கிறது. வாசலைத் தாண்டிப் போகாத சட்டையை ஏன் துவைத்தாள்?

சாயங்காலம் பிள்ளைகள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். சபை கூட்டிச் சொன்னேன்: இது டிவி கார் இல்லை. தாத்தாவுடைய பழைய கார். அவருக்குத் தெரியாமல் நான் இப்படிப் பண்ணிவிட்டேன்.

எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள்.

"டேய், மாமா மறுபடி புளுகுறாருடா!"

ஓடிப்போனார்கள். அந்தப் பொடிப் பெண் மட்டும் போகவில்லை. கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறியது. "சுடுது" என்றது.

மே 14, ஞாயிறு

கிண்டி. காலை ஏழுக்கே, காரோடு. பாய் ஷெட் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"அவரே கண்டுபிடிச்சுட்டார் பாய்."

"அப்போ நீ சொல்லல."

"இல்லை."

பாய் ஸ்பானரை எடுத்தார். துடுப்பைக் கழற்ற ஆரம்பித்தார். நான் மஞ்சள் கண்களைப் பிடுங்கினேன். ஹாரன் கடைசியில் வந்தது. கழற்றும்போது கைபட்டு ஒரு முறை சிரித்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

சீட்டைத் தூக்கினால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய கிரீம். யாரும் பூசாத இடம். பாய் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்.

"இத்த வச்சுக் கலர் புடிக்கலாம். ஆனா கதவுக் கீறல் வராது ஐயரே. அத்த நான் போட முடியாது."

இன்று டீ குடித்தார். அவரே வாங்கியது. எனக்கும் ஒன்று.

மே 15, திங்கள்

மேகமூட்டம். வெயில் இல்லை. எட்டு மணிக்குக் கீழே போனேன். பதினெட்டுப் படியும்.

இட்லி. அத்திம்பேர் "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். துடுப்பு எடுத்தாச்சு. கதவு ரெண்டும் கறுப்பு சுரண்டியாச்சு. சீட்டுக்கு அடியில் பழைய கிரீம் கொஞ்சம் இருக்கு, அதைப் பார்த்துக் கலக்கப்போகிறார்கள்.

அவ்வளவுதான். திரட்டுப்பால் இல்லை, குங்குமப்பூ இல்லை, கோபுரம் இல்லை.

அவர் சட்னியில் விரலைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"லலிதா, நீ ஒரு நடை கிண்டிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

நாளைக் காலை அக்காவைக் கூட்டிப் போகவேண்டும். பஸ்ஸில்.