வெயிலில் வேகாத கிளேஸ்

ஆவணி 3, திங்கள். வெயில். காற்று இல்லை.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். என் பெண்டாட்டி செல்வியின் தம்பி பாலு கல்யாணத்துக்குக் குவைத்திலிருந்து சகலை முருகன் வருவான், வந்ததும் வண்டியில்தான் பவுசு காட்டுவான் என்று போன மாதமே சொன்னேன். செல்விக்குத் தங்கச்சி புருஷன் ஆயிற்றே, ஒப்புக்கொள்வாளா.

இன்று மாமியார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். என் வண்டியைவிட ஒரு வயது இளையது. இரண்டும் மாமனார் சீராகக் கொடுத்த பைக், இரண்டும் கறுப்பு. அவனுடைய டேங்கைப் பார்த்துத் தலை வாரலாம். நான் வாரவில்லை.

"என்னா முருகா, புது பெயிண்டா?"

"இல்லண்ணே. பாண்டிச்சேரில செராமிக் கோட்டிங் போட்டேன்."

செராமிக்! பீங்கான் ஊர் விருத்தாசலத்துக்காரனிடம் செராமிக் என்கிறான். பத்தொன்பது வருடமாகப் பீங்கான் கம்பெனியில் கிளேஸ், அதான் அந்தப் பளபளப்புப் பூச்சு, முக்குகிறவன் நான். இந்தியாவில் பாதி வீட்டு பீஸ் கட்டை என் கையில் முங்கி எழுந்ததுதான்.

பாலு வேறு: "மாப்ள அழைப்புக்கு காரு வேணாம். ரெண்டு மாமா வண்டில எது பளபளன்னு இருக்குதோ, வியாழக்கெழம கோயில்லேர்ந்து அதுலதான் வருவேன்."

மூத்த மருமகன் நான். என் வண்டிதான் போகவேண்டும்.

முருகனுக்கு ஃபேனுக்கு நேராக நாற்காலி. எனக்கு ஸ்டூல். வடை அவனுக்கு மூன்று, எனக்கு இரண்டு.

ஆவணி 4, செவ்வாய். வெயில், சூளைக்குச் சமம்.

கம்பெனியிலிருந்து ஒரு பாட்டில் கிளேஸ் கரைசல். சூளை பார்க்கிற ரஷீத் பாய் வழியில் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்குங்க?"

"வண்டிக்கு. செராமிக் கோட்டிங்."

"கிளேஸுன்னா வேவணுமேங்க. வண்டிய சூளையில ஏத்தப் போறீங்களா? பெட்ரோல எடுத்துட்டு ஏத்துங்க, எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

விவரம் தெரியாதவர். நான் எட்டாவது. அதையும் மூன்று வருடம் படித்தவன்.

மத்தியானம் டேங்கில் மூன்று கோட். வெயிலில் நிறுத்தினேன், ஆவணி வெயில் போதாதா வேக? காய்ந்தது. வெள்ளை வெளேர்.

செல்வி: "என்னாங்க, வண்டிக்கு விபூதி பூசிட்டீங்க?"

துண்டால் அழுத்தித் துடைத்தேன். விபூதி போயிற்று. அடியில் கீறல். டேங்க் முழுக்க, பூனைகள் சண்டை போட்ட மாதிரி. கிளேஸில் கல்பொடி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரம்.

பாலு சகலை வண்டியில் போக, நான் பின்னால் நடக்கணும்.

ஆவணி 5, புதன். மேகம். லீவு, கால் வலி.

மத்தியானம் சகலை தானாகவே அவன் ஊர் கம்மாபுரத்திலிருந்து வந்து நின்றான். கையில் பெட்டி. "அண்ணே, உங்ககிட்ட செராமிக் வேல கத்துக்கணும்" என்றான். சரி, பாவம் என்று சேர்த்துக்கொண்டேன்.

பெட்டியில்: சோப்புத் தண்ணி, மெத்துத் துணி ஏழு, களிமண் மாதிரி ஒரு உருண்டை, தேய்க்கிற பசை இரண்டு டப்பா, பழைய டூத் பிரஷ்.

டேங்கைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வண்டியை நிழலுக்குத் தள்ளினான். வாளி இரண்டு. "ஒரே வாளின்னா அழுக்கு திரும்ப டேங்க்லதாண்ணே ஏறும்." ஈர டேங்கில் உருண்டையைத் தேய்த்தான். கண்ணுக்குத் தெரியாத தூசெல்லாம் அதில் ஒட்டியது. அப்புறம் பசை, சின்னச் சின்ன வட்டமாக. கை அப்படி ஒரு சுத்தம். குவைத் ஆபீஸில் சூப்பர்வைசர் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தான்?

"எங்க கத்துக்கிட்ட?"

துணியை மடித்தான். திரும்ப மடித்தான். "அங்க எனக்கு இதாண்ணே வேல. ஒரு நாளைக்குப் பதினஞ்சு காரு. சூப்பர்வைசர்னு சும்மா சொன்னது. வூட்ல சொல்லிடாதீங்க."

"அப்போ பாண்டிச்சேரி?"

"அதுவும் நானே போட்டதுதான்."

இத்தனை வருட வயிற்றெரிச்சலுக்கு மருந்து. மாமியார் காதில் ஒரு வார்த்தை, ஸ்டூல் அவனுக்கு. வாய் வரை வந்தது. அதற்குள் டேங்கில் என் முகம் தெரிந்தது. மீசை நரை உட்பட.

ஆவணி 6, வியாழன். தூறல்.

பாலு என் வண்டியில்! "மூத்தவரு வண்டியே போகட்டும்" என்று சகலையே சொல்லிவிட்டான். கோயிலிலிருந்து மண்டபம் வரை பத்தாயிரம் பேர் பார்த்திருப்பார்கள்.

மாமியார்: "கண்ணாடியாட்டம் இருக்குதே, யாரு பண்ணாங்க?"

"நான்தான் அத்த. செராமிக்."

சகலை பக்கத்திலேயே. "ஆமா அத்த, அண்ணன்தான். நான் துணி புடிச்சேன், அவ்ளோதான்."

"ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்குறவரு, உங்களுக்கு ஏன் இந்தப் பாடு?"

அவன் என்னைப் பார்த்தான்.

"அதான் அத்த," என்றேன், "சூப்பர்வைசர் கையி. துணி புடிக்கவே தெரியல."

ஓரமாக நின்ற அவன் வண்டியில் தூறல் முத்து முத்தாக உருண்டது. என்னுடையதில் உருளவில்லை. தண்ணீர் ஒட்டவிடாத கடைசிப் பூச்சு, அந்தச் செராமிக் பாட்டில், தீர்ந்துவிட்டதாம். தீர்ந்திருக்குமா? தெரியாது.

புதன்கிழமை எழுதியதில் ஒன்று. கால் வலி இல்லை. சகலை தானாக வரவும் இல்லை. காலையிலேயே பஸ் ஏறிக் கம்மாபுரம் போய் அவன் வாசலில் நின்றது நான்தான். "முருகா, டேங்க் போச்சுடா" என்றேன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டான்.