கொடுத்தனுப்பிய ஆம்ப்ளிஃபயர்

ஐப்பசி 11, புதன்

துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் நண்பரிடம் கொடுத்தனுப்பிய ஆம்ப்ளிஃபயரைக் காரில் மாட்ட அறந்தாங்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு பவர ஒங்க கார்ல இருக்குற பழைய சப்வூஃபர் ஸ்பீக்கர் தாங்காதுங்க, உள்ள இருக்குற காயில் கருகிடும். அண்ணன்தான் அடுத்த மாசம் வாராருல்ல? அவரே கேட்டுப் பாத்து இதுக்கு ஏத்தத எடுக்கட்டும்.” எனக்கும் அது சரியாகப் பட்டது.

போனில் சொன்னேன். இவருக்குக் கோபம். “நீயே ஒண்ணு வாங்கி மாட்டிரு. எனக்காக அதச் சும்மா போட்டு வைக்காத.” காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூட என்னை விடாத மனிதர்.

போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் இப்போது பீரோ மேல் இருக்கிறது. தூக்கி வைக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. அடுத்த மாதம் தானே வருகிறவர், இதை எதற்கு இன்னொருவர் பெட்டியில் ஏற்றினார்?